ஒரே ஒரு உதை

அக்டோபர் 9, திங்கள்

டாக்டரம்மா சொல்லிவிட்டார் என்பதற்காக எழுதுகிறேன். இல்லாவிட்டால், பள்ளிக்கூட ஆபீசில் நாளெல்லாம் எழுதிவிட்டு வந்து வீட்டிலும் எழுத எனக்கென்ன கிறுக்கா?

மதுரை நரம்பு டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். "சார், அசதி எப்பெப்ப வருதுன்னு தினம் எழுதி வைங்க. பொங்கலுக்கு முன்னாடி கொண்டுவந்து காட்டுங்க" என்றார். குழந்தையில் போலியோ வந்தவர்களுக்கு ஐம்பது தாண்டியபின் அது மறுபடி தலைகாட்டுமாம். கால்களுக்குப் பதிலாக இத்தனை வருஷம் உழைத்த கைகள் களைத்துப்போகுமாம். ஒருதரம் வந்ததோடு விட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"வண்டி ஓட்டுறதப் பத்தியும் அப்ப ஒரு முடிவு எடுக்கணும் சார்."

அதைக் கேட்டதும் கூட வந்திருந்த என் மனைவி பிலோமினா என் முகத்தைப் பார்த்தாள். நான் சுவரில் தொங்கிய முதுகெலும்புப் படத்தைப் பார்த்தேன்.

வண்டி இல்லாமல் என்ன செய்வது? பஸ் படி என் இடுப்பு உயரம். ஆட்டோவில் ஏற யாராவது அக்குளில் கை கொடுக்கவேண்டும். வீட்டு வாசலில் ஏறி, மேம்பாலத்தைத் தாண்டி, பள்ளிக்கூட வாசலில் இறங்குகிறவரை ஒருத்தரையும் "கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடாமல் நான் போய்வருவது என்னுடைய சைடு வீல் ஸ்கூட்டரில் மட்டும்தான். ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. அதுவரைக்கும் விடுவதாக இல்லை.

சோர்வு: இல்லை.

அக்டோபர் 11, புதன்

பிரேக் சரியில்லை. சாயங்காலம் பேகம்பூர் மெக்கானிக் காதரிடம் காட்டினேன். இந்த 110 சிசி ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சைடு வீல் பொருத்தியது அவர்தான். இதற்கு முந்தின வண்டிக்கும் அவர்தான். அதற்கும் முந்தினதுக்கு அவருடைய அத்தா.

பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான சார் இருக்கு?"

"ஓட்டுறவன் நான். நான் சொல்றேன், பிடிக்க மாட்டேங்குது."

ஒரு திருகு திருகிக் கொடுத்தார். வீட்டுக்கு வருகிற வழியில் பரவாயில்லை போலத்தான் இருந்தது.

சோர்வு: இல்லை. இருந்தால் வண்டிக்குத்தான்.

அக்டோபர் 15, ஞாயிறு

மாப்பிள்ளை ரெக்ஸ் புது பைக்கில் வந்தார். மகள் ஷீலா பின்னாலேயே பஸ்சில் வந்தாள். அந்த பைக்கில் பின்சீட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு புறா உட்காரலாம்.

"எத்தனை குதிரை மாப்பிள்ளை?"

"முப்பத்தஞ்சுக்கு மேல மாமா."

"முப்பத்தஞ்சு குதிரையையும் பூட்டிக்கிட்டு எங்க போறீங்க? பேங்க் வேலைக்குத்தான?"

ரெக்ஸ் நல்ல பையன், சிரித்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். மழைக்கு ஒரு பட்டன், ரோட்டுக்கு ஒரு பட்டன். சக்கரம் வழுக்கினால் வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எவ்வளவு அழுத்திப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் இறுகி இழுத்துக்கொண்டு போகாது. மீட்டரில் போன் வருகிறது, வழி வருகிறது, நாளைய மழைகூட வருகிறது. என் முதல் வண்டி ஐம்பது சிசி மொபெட். இரண்டு குதிரை. இரண்டு சைடு வீலையும் என்னையும் ஊன்றுகோல்களையும் இழுத்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறும்போது அந்த இரண்டில் ஒன்று படுத்துக்கொள்ளும். யாராவது பின்னால் வந்து தள்ளுவார்கள்.

"கிக்கர் எங்க?" என்று கேட்டேன்.

"கிக்கரா? இந்த மாதிரி வண்டியில அதெல்லாம் போயே போச்சு மாமா."

"பேட்டரி செத்துப்போச்சுன்னா?"

"சாகாது மாமா. ஆப்லயே சொல்லிரும்." பிறகு, "பிரேக்கைப் பிடிச்சுப் பாருங்களேன். ஒரு விரல் போதும்" என்றார்.

ஒரு விரலால் பிடித்தேன். பிறகு இரண்டு விரலால். பிறகு டீ ஆறுகிறது என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

சோர்வு: இல்லை.

அக்டோபர் 18, புதன்

பிலோமினாவுக்குத் திடீர் பக்தி. மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற அந்தோனியார் கோயிலில் நவநாளாம், ஒன்பது நாள் ஜெபம். காலையில் என்னோடு வண்டியில் வந்து, பாலம் இறங்கியதும் இறங்கிக்கொள்வதாகத் திட்டம். நம் தெரு முனையிலேயே ஒரு கோயில் இருக்கிறது, அங்கே இருக்கிற அந்தோனியாருக்குக் காது கேட்காதா என்று கேட்டேன்.

அதோடு, மகளுடைய பழைய சுடிதாரை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறாள். முப்பது வருஷமாகச் சேலையில் ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தவள்.

"என்னடி கோலம் இது?"

"ஒரு பக்கமா உக்காந்தா மூட்டு வலிக்குதுங்க."

சரி, உட்கார்ந்தாளே, சும்மா உட்காருகிறாளா? கையை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல என் இடுப்பைச் சுற்றி நீட்டி ஹேண்டில்பாரிலேயே வைத்துக்கொள்கிறாள். இடைஞ்சல். ஓட்டுகிறவனுக்குக் கொஞ்சம் இடம் வேண்டாமா?

சோர்வு: இல்லை. எரிச்சல் மட்டும்.

அக்டோபர் 27, வெள்ளி

அந்தோனியார் நவநாள் முடிந்தது. இன்று சூசையப்பருக்கு ஆரம்பம். பரலோகத்தில் ஆளுக்கா பஞ்சம்? சாயங்காலமும் நான் வரும் நேரம் பார்த்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கீரைக்காரியிடம் நின்றுகொண்டிருக்கிறாள், நம் தெருவுக்குக் கீரையே வராததுபோல.

நவம்பர் 2, வியாழன்

கல்லறைத் திருநாள். அம்மா, அப்பா குழிகளுக்கு மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றினோம். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நூறு வண்டி நின்றிருக்கும். எல்லாம் பட்டனைத் தொட்டால் கிளம்புகிற வண்டிகள். எனக்கு அந்த மொபெட் ஞாபகம் வந்தது.

எண்பத்தெட்டில் வாங்கியது. அதற்குக் கிக்கர்தான். உதைத்தால்தான் கிளம்பும். உதைக்கக் கால் இருந்தால் நான் ஏன் சைடு வீல் வண்டி வாங்குகிறேன்? கம்பெனிக்காரன் அதை யோசிக்கவில்லை. எனக்காக என்று நினைத்து யாரும் எந்த வண்டியும் செய்ததில்லை. மற்றவர்களுக்குச் செய்ததில் என்னால் முடிந்ததை நான் எடுத்துக்கொண்டேன்.

அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். காலையில் யாரையாவது கெஞ்சி ஒரு உதை வாங்கிக் கிளப்பிவிட்டால், பிறகு எங்கே போனாலும் இன்ஜினை அணைப்பதில்லை. டீக்கடை வாசலில் வண்டி ஓடிக்கொண்டே நிற்கும். முடிவெட்டிக்கொள்ளும்போது ஓடிக்கொண்டே நிற்கும். பெட்ரோல் போனால் போகிறது. "அண்ணே, ஒரே ஒரு உதை" என்று ரோட்டில் போகிறவனிடம் சொல்லும்போது என் குரல் போகிற போக்கு எனக்குப் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் அப்படித்தான். கோயில் ஜன்னலோரம் ஓடவிட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். நடுப் பிரசங்கத்தில் ஒரு பெண் விருட்டென்று எழுந்து வெளியே போனாள். "யாரு வண்டிய்யா இது? சாமியார் பேசுறது ஒரு வார்த்தை காதுல விழல!" சுவிட்சை அணைத்துவிட்டாள். நான் ஊன்றுகோல்களைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து கத்தினேன்.

"ஏம்மா அணைச்ச? இப்ப யாரு உதைக்கிறது?"

அப்போதுதான் என் காலைப் பார்த்தாள். 'ஐயோ பாவம்' வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

"எப்பிடி உதைக்கணும்? சொல்லுங்க."

சேலையைச் செருகிக்கொண்டு உதைத்தாள். உதைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு செருப்பு கழன்று மாதா சிலை இருக்கிற கெபிக்குள் போய் விழுந்தது. வண்டி கிளம்பியதும், "இனிமே ஜன்னல்கிட்ட நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு ஒற்றைச் செருப்போடு பூசைக்குப் போனாள். அவள்தான் பிலோமினா. கல்யாணத்துக்குப் பிறகு தினமும் காலையில் அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்து உதைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

இன்று கல்லறையில் இதைச் சொன்னேன். "அந்தச் செருப்பு புதுசுங்க" என்றாள்.

சோர்வு: இல்லை.

நவம்பர் 9, வியாழன்

தலைமையாசிரியர் கூப்பிட்டார். சம்பளப் பட்டியலில் என் கையெழுத்து மாறியிருக்கிறதாம், கருவூலத்தில் கேட்பார்கள் என்றார். பேனா சரியில்லை என்றேன். அவர் தன் பேனாவைக் கொடுத்தார். அதுவும் சரியில்லை.

நவம்பர் 16, வியாழன்

மறுபடி காதரிடம் போனேன். இது நாலாவது தடவையோ ஐந்தாவதோ.

"இதுக்கு மேல டைட் பண்ணா வீலே சுத்தாது சார்" என்றார். "நீங்க வேணா ரெண்டு நாள் லீவு போட்டுப் பாருங்களேன்."

"பிரேக்குக்கும் என் லீவுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு பேச்சை மாற்றி, பேட்டரி வண்டியைப் பற்றி ஆரம்பித்தார். ரிவர்ஸ் கூட இருக்கிறதாம். சத்தமே கிடையாதாம். எனக்கு வேண்டாம். ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத ஒன்றின்மேல் எதை நம்பி உட்காருவது?

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும். தொண்ணூற்றேழில் அந்த செல்ஃப் ஸ்டார்ட் வண்டி வந்தபோது என் காலம் மாறியது. அது பெண்பிள்ளைகள் காலேஜ் போவதற்கென்று விளம்பரம் செய்த வண்டி. ஆபீசில் "என்ன சார், பொம்பள வண்டி?" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. ஒரு பட்டன். கட்டைவிரலால் ஒரு அழுத்து. அதற்கு நான்கு குதிரை இருந்திருக்குமோ என்னவோ, எனக்கு நாற்பது போல இருந்தது. முதல் நாள் காலை வாசலில் உட்கார்ந்து, பட்டனை அழுத்தி, யாரையும் கூப்பிடாமல் தெரு முனைவரை போய்த்தான் மூச்சு விட்டேன். இன்றுவரை அந்த மூச்சுதான்.

சோர்வு: இல்லை.

நவம்பர் 24, வெள்ளி

ராத்திரி முழுக்க மழை. காலையில் பட்டனை அழுத்தினால் டிக் டிக் என்கிறது, கிளம்பவில்லை. பேட்டரி இறங்கிவிட்டது. இந்த வண்டியில் பக்கவாட்டில் ஒரு கிக்கர் இன்னும் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் அதை மடக்கி வைத்தது மடக்கி வைத்தபடியே.

பிலோமினா வந்தாள். கிக்கரை விரித்து உதைத்தாள். நாலைந்து உதையில் கிளம்பியது. எனக்கு ஏனோ அவளைப் பார்க்க முடியவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அடுத்த அறையிலிருந்து தைல வாசனை வருகிறது. மூட்டா என்று கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்பாள்.

டிசம்பர் 6, புதன்

பாலத்தின் இறக்கத்தில் ஒரு ஆட்டோக்காரன் முன்னறிவிப்பில்லாமல் நிறுத்திவிட்டான். ஈர ரோடு. நான் பிரேக்கைப் பிடித்தேன். அதாவது பிடிக்கப் போனேன். அதற்குள் பின்னாலிருந்து பிலோமினாவின் கை என் கைமேல் விழுந்து அழுத்தியது. என் விரல்கள் லீவரோடு சேர்ந்து நசுங்கின. ஆட்டோவைத் தொட ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது.

அவள் கை நடுவில் வராவிட்டால் நானே பிடித்திருப்பேன். ஓட்டுகிறவனைக் குழப்பக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். "சரிங்க" என்றாள். இறங்கிக் கோயிலுக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.

இப்போது யாருக்கு நவநாள் நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஆரோக்கியநாதரோ யாரோ.

சோர்வு: இல்லை என்றுதான் சொல்லவேண்டும்.

டிசம்பர் 11, திங்கள்

ஷீலாவுக்குக் காய்ச்சல். பிலோமினா இரண்டு நாள் அங்கே போயிருக்கிறாள். போகும்போது, "லீவு போடுங்களேன்" என்றாள். "அரையாண்டுப் பரீட்சை நடக்குது, எவன் லீவு குடுப்பான்?" என்றேன். "அப்ப ஆட்டோவுல போங்க." "பார்ப்போம்."

டிசம்பர் 12, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டில் கட்டு.

சாயங்காலம் பாலத்தின் இறக்கம். முன்னால் பள்ளிக்கூட வேன். விரல்களை மடக்கச் சொன்னேன். மடங்கவில்லை. அவை என் விரல்கள்தான், என் கண்முன்னால்தான் இருந்தன, கேட்கவில்லை. வேனுக்குள்ளிருந்து பிள்ளைகள் எனக்குக் கையசைத்துக்கொண்டிருந்தன. ஹேண்டிலை முழுசாகத் திருப்பிப் பஞ்சர் கடை டயர்க் குவியலில் கொண்டுபோய் விட்டேன்.

மூன்று பேர் ஓடி வந்தார்கள். "தூக்குங்கய்யா, பெரியவரத் தூக்குங்க." அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். தூக்கினார்கள்.

டிசம்பர் 13, புதன்

பிலோமினா முதல் பஸ்சில் வந்துவிட்டாள்.

"பிரேக் பிடிக்கல" என்றேன்.

அவ்வளவுதான். கையிலிருந்த பையை அப்படியே தரையில் போட்டாள்.

"பிரேக்கா? ரெண்டு மாசமா அந்தப் பாலத்துல பிரேக் பிடிச்சது யாருன்னு நெனச்சீங்க? உங்க கை மேல என் கை இருந்துச்சே, அது உங்களுக்குத் தெரியலயா, இல்ல தெரியாத மாதிரி இருந்தீங்களா? நவநாளாம் நவநாள்! எந்தக் கோயிலுக்கும் போகல நான். பாலத்தடியில நின்னுட்டு நடந்து வீட்டுக்கு வந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கேக்குற ஆளா நீங்க? காதர் அண்ணன் எத்தன தடவ சொல்லப் பாத்தாரு. அவர் மேலயே எரிஞ்சு விழுந்தீங்க."

"எனக்கு யார்கிட்டயும் கேட்டு நிக்கப் பிடிக்காது பிலோமி. உனக்குத் தெரியாதா?"

"நான் யாரோவா?"

அவள் பையிலிருந்து விழுந்த ஆரஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டே பேசினாள். சத்தம் இறங்கிவிட்டது.

"பட்டன் வண்டி வாங்குன மறுநா, எப்பவும்போல ஈரக் கையோட வாசலுக்கு வந்தேன். நீங்க போயிட்டீங்க. தெரு முனையில வண்டி திரும்புறது மட்டும் தெரிஞ்சுச்சு. சந்தோசம்தான். ஆனா அன்னைக்கு முழுக்க என்ன பண்றதுன்னு தெரியலங்க எனக்கு."

அந்த நாளை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த நோட்டில்கூட எழுதியிருக்கிறேன். வாசலில் இன்னொருத்தர் நின்றதாக ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத் தெரியாது.

அழுதேன். பல வருஷம் கழித்து. அவள் ஆரஞ்சை உரித்து, ஒரு கை கட்டுப்போட்டவனுக்கு ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தாள்.

டிசம்பர் 17, ஞாயிறு

வண்டி தயார் என்று காதர் போன் செய்தார். சைடு வீல் ஒன்று கோணியதை நிமிர்த்திவிட்டாராம். ரெக்ஸ், "நான் ஓட்டிட்டு வந்துர்றேன் மாமா" என்றார். நானும் பிலோமினாவும் ஆட்டோவில் கூடப் போனோம். ஆம், ஆட்டோவில். அக்குளில் கை கொடுத்துத்தான் ஏற்றினார்கள். செத்துப்போகவில்லை.

"இதென்ன மாமா, குழந்தைகள் வண்டி மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். முப்பத்தைந்து குதிரை ஓட்டுகிறவர் ஆயிற்றே. முதல் திருப்பம் வரை ராஜாபோலப் போனார். திருப்பத்தில் பைக்கைச் சாய்ப்பதுபோல உடம்பைச் சாய்த்தார். வண்டி சாயவில்லை. திரும்பவும் இல்லை. நேராகப் போய்ச் சாக்கடையில் இறங்கியது. வெள்ளை பேண்டோடு முழங்கால்வரை கறுப்பு.

காதர் ஓடிப்போய்த் தூக்கினார். "ரெண்டு சக்கரத்துல நல்லா ஓட்டுறவங்கதான் தம்பி இதுல விழுவாங்க. இது சாயாது. உடம்ப மறந்துட்டு ஹேண்டில மட்டும் திருப்பணும். பழகுன உடம்பு கேக்காது. சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத ஆளா இருந்தா அரை மணி நேரத்துல பழகிரும்."

நான் திரும்பினேன். ரெக்ஸும் சாக்கடைக்குள் நின்றபடியே திரும்பினார்.

"என்னை ஏன் பாக்குறீங்க எல்லாரும்?" என்றாள் பிலோமினா. "நான் சைக்கிள்கூட மிதிச்சதில்ல."

"அதான் அக்கா சொல்றேன்" என்றார் காதர்.

டிசம்பர் 21, வியாழன்

பிலோமினாவுக்கு எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் லைசென்ஸ், போட்டாயிற்று. சாயங்காலம் கோயில் மைதானத்தில் பழகுகிறாள். நான் பின்சீட்டில். முன்னால் பிடிக்க ஹேண்டில் இல்லாமல் உட்காருவது என்ன கண்றாவி! கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்டோபரில் அவளைச் சொன்னது ஞாபகம் வந்தது.

"திருப்பு! திருப்புடி! பிரேக்கு!"

"கத்தாதீங்க. பின்னாடி உக்காந்தா வாய மூடிக்கிட்டு ஜெபம் பண்ணுங்க. நான் அப்பிடித்தான் பண்ணிட்டு வந்தேன்."

காதர் சொன்னது சரி. அவளுக்குச் சாயத் தெரியாது, அதனால் சாயவில்லை. திருப்பென்றால் திருப்புகிறாள். கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்ட மூங்கில் கொண்டுவந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் அவர்களைச் சுற்றியே இரண்டு வட்டம் அடித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் 28, வியாழன்

மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்தார்கள். வாசலில் நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்து, யாரும் பார்க்காதபோது பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். பிறகு இறங்கிவிட்டேன். சாவியைக் கொண்டுபோய் அவளுடைய ஜெபமாலை தொங்குகிற ஆணியில் மாட்டினேன்.

ஜனவரி 2, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்தது.

சுடிதார், தலைக்கவசம், அதற்குள் மல்லிகைப்பூ வேறு. பிலோமினா முன்னால், நான் பின்னால், ஊன்றுகோல்கள் பக்கத்தில். தெருவே பார்த்தது. சரி, பார்க்கட்டும் என்று உட்கார்ந்தேன். பட்டனை அழுத்தினாள். டிக் டிக்.

எங்கள் வீட்டுச் சனியன் பேட்டரி!

"கிக்கர் அடிக்க முடியுமா?" என்றேன்.

"போன தடவ அடிச்சே ஒரு வாரம் படியேற முடியல."

"அப்ப நான் லீவு சொல்லிர்றேன். காதர் வந்து பார்க்கட்டும்."

"எதுக்கு லீவு?" என்று சொல்லிவிட்டு, எதிரே கையில் பால் பாக்கெட்டோடு நடந்துவந்த யாரோ ஒருவரைக் கூப்பிட்டாள், சொந்தத் தம்பியைக் கூப்பிடுவதுபோல. "ஏப்பா, இங்க வாப்பா. ஒரே ஒரு உதை உதைச்சுட்டுப் போப்பா."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. ஆனால் அவள் குரல் எங்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்த மனிதர் வந்தார். என்னைப் பார்த்தார். "சார், இதைக் கொஞ்சம் புடிங்க" என்று பால் பாக்கெட்டை என் கையில் கொடுத்தார். சில்லென்றிருந்தது. இரண்டு உதையில் வண்டி கிளம்பியது. பாலை வாங்கிக்கொண்டு, "பேட்டரிய மாத்துங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"வேற என்ன? ஆரத்தி எடுக்கணுமா?" என்றாள்.

பாலத்தில் ஏறினோம். 110 சிசி, எட்டுக் குதிரை, இரண்டு கிழடுகளை முனகாமல் இழுத்தது. இறக்கத்தில் அவள் பிரேக்கைப் பிடிப்பதைத் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். நான்கு விரலும் நன்றாக மடங்கின. என் கையை அவள் தோளில் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வேன் ஒன்று முன்னால் போனது, பிள்ளைகள் கையசைத்தன. நானும் அசைத்தேன். அதற்கு ஒரு கை சும்மா இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, சாவியில் கை வைத்தாள்.

"அணைக்காத" என்றேன். "வீடு போற வரைக்கும் அணைக்காத பிலோமி. அப்புறம் எவனத் தேடுவ?"

சிரித்தாள். வண்டி ஓடிக்கொண்டே நின்றது. நான் ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஆபீஸ் ஜன்னலிலிருந்து தலைமையாசிரியர், "யார் வண்டி சார் அது? சத்தம் காதப் பிளக்குது" என்றார்.

"எங்க வண்டி சார்" என்றேன்.

சோர்வு: உண்டு. காலையில் எழுந்ததிலிருந்து உண்டு. இரண்டு தோளிலும், இரண்டு கையிலும்.

டாக்டரம்மாவின் பார்வைக்குப் பிழைதிருத்தம்: முந்தைய பக்கங்களில் 'இல்லை' என்று வருகிற இடங்களிலெல்லாம் 'உண்டு' என்று படித்துக்கொள்ளவும்.